லை – லே, சே – டெல், சீ – லுக்: எது எப்போது? (விவாத இழை)

#1 கேள்விக்குறி

மாலை வகுப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. தலைப்பு, குழப்பும் ஆங்கில வினைச்சொற்கள். முதல் வரியிலேயே முட்டுகிறது. 'லே' (கிடத்து, வை) என்றால் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. ஆனால் 'ஹி லே ஆன் த ஃப்ளோர்' என்று நல்ல ஆங்கிலத்திலேயே வருகிறது. செயப்படுபொருள் எங்கே? இது பிழையா, கையேடு பிழையா?

இன்னொன்று. தமிழில் 'சொல்' ஒன்றுதான், அங்கே சே, டெல் இரண்டு. 'பார்' ஒன்று, அங்கே சீ, லுக், வாட்ச் மூன்று. நம்மிடம் வேறுபாடு இல்லாததால்தான் குழப்பம், ஆகவே பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான் வழி என்று நினைக்கிறேன். பட்டியல் வைத்திருப்பவர்கள் பகிருங்கள்.

(கைப்பேசியில் தமிழ் மட்டும் படிப்பவர்களும் இருப்பதால் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவோம்.)

#2 மெய்ப்புப்பார்வை

வாக்கியமும் சரி, கையேடும் சரி. அங்கே நிற்பது 'லே' வினையின் நிகழ்காலம் அல்ல, 'லை' வினையின் இறந்தகாலம். மூன்று வினைகள் ஒரே சந்தில் முட்டிக்கொள்கின்றன. எழுத்துக்கூட்டலோடு தருகிறேன்.

படு, கிட என்ற பொருளில்: லை (எல்-ஐ-ஈ), இறந்தகாலம் லே (எல்-ஏ-ஒய்), வி-3 (ஹேவ், ஹேஸ் உடன் வரும் மூன்றாம் வடிவம்) லெய்ன் (எல்-ஏ-ஐ-என்), ஐஎன்ஜி வடிவம் லையிங் (எல்-ஒய்-ஐ-என்-ஜி).

கிடத்து, வை, இடு என்ற பொருளில்: லே (எல்-ஏ-ஒய்), லெய்டு (எல்-ஏ-ஐ-டி), மறுபடி லெய்டு, லேயிங்.

பொய் சொல் என்ற பொருளில்: லை, லைடு, லைடு, லையிங். இது ஒழுங்கான வினை, தொல்லை கிடையாது.

உங்கள் வாக்கியத்தை எழுவாயை வைத்தே நிரூபிக்கலாம். எழுவாய் 'ஹி'. நிகழ்காலமாக இருந்தால் 'ஹி லேஸ்' என்று எஸ் வந்திருக்க வேண்டும். எஸ் இல்லை, ஆகவே இறந்தகாலம். இறந்தகாலத்தில் 'லே' என்று வருவது படுத்தல் வினை மட்டும்தான். 'ஐ லே', 'தே லே' என்று வரும்போது எஸ் உதவாது. அப்போது 'எதை?' என்று கேளுங்கள். பதில் வாக்கியத்துக்குள் இருந்தால் கிடத்தல், இல்லாவிட்டால் படுத்தல்.

அதிகம் தவறுவது 'டிட்' வரும் இடம். 'டிட்' வந்ததும் வினை வி-1க்கு, அதாவது மூல வடிவத்துக்கு, திரும்பிவிடும். 'ஹி டிட்ன்ட் லை டவுன்' என்பதே சரி. இறந்தகாலம் என்ற நினைப்பில் 'டிட்ன்ட் லே டவுன்' என்று எழுதுகிறார்கள். 'லெய்டு' என்பதை எல்-ஏ-ஒய்-ஈ-டி என்று எழுதுவது அடுத்த வழக்கமான பிழை. 'பிளேய்டு' போல இதையும் கூட்டிவிடுகிறார்கள்.

#3 வேற்றுமைஉருபு

'நம்மிடம் வேறுபாடு இல்லை' என்பதை மறுக்கிறேன். இதே விபத்து தமிழிலும் அச்சு அசலாக நடக்கிறது, நாம் கவனிப்பதில்லை.

'படு' என்ற வினையை எடுங்கள். 'பாட்டி படுத்து அரை மணி ஆச்சு.' இங்கே 'படுத்து' என்பது 'படு' வினையின் இறந்தகால எச்சம். 'குழந்தையைப் பாயில் படுத்து.' இங்கே அதே 'படுத்து' வேறொரு வினையின் பகுதி, கட்டளை. முதல் வினையின் இறந்தகால வடிவமும் இரண்டாம் வினையின் வேரும் ஒரே எழுத்துகள். 'லை'யின் இறந்தகாலம் 'லே', கிடத்தும் வினையின் வேரும் 'லே'. வித்தியாசம் உண்டா?

நாம் ஏன் தடுமாறுவதில்லை? 'பாட்டி', 'குழந்தையை' என்ற உருபு வேலையை முடித்துவிடுகிறது. 'ஐ' உருபு கண்ணில் பட்டதும் வினை எது என்று காது முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது, இடம்தான் உருபு. வினைக்குப் பின்னால் முன்னிடைச்சொல் இல்லாமல் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கு 'ஐ' போட்டுப் படியுங்கள். 'ஷி லே த பேபி' என்று எவரும் எழுதினால் 'குழந்தையை' என்று வரும், ஆகவே 'லெய்டு' ஆக்க வேண்டும். 'ஷி லே ஆன் த பெட்' என்றால் 'கட்டிலில்', ஆகவே அப்படியே விடலாம்.

பேச்சில் 'படுக்க வை' என்றுதான் சொல்கிறோம், 'படுத்துறான்' என்றால் தொல்லை கொடுக்கிறான் என்று பொருள் மாறிவிட்டது என்பது தெரியும். அங்கேயும் 'என்னைப் படுத்துறான்' என்று 'ஐ' கூடவே வருகிறது பாருங்கள்.

ஆங்கிலத்திலும் இந்தச் சோடிகள் தற்செயல் இல்லை. பழைய ஜெர்மானிய மொழிகளில் ஒரு வினையிலிருந்து 'செய்வி' என்ற பொருளில் இன்னொரு வினை உண்டாக்கும் விகுதி இருந்தது. விகுதி தேய்ந்து போயிற்று, உயிரெழுத்து மாற்றம் மட்டும் எச்சமாக நிற்கிறது. சிட் – செட், லை – லே, ஃபால் – ஃபெல் எல்லாம் அந்தக் குடும்பம். கடைசிச் சோடியில் 'ஃபெல்' என்பது மரத்தை வீழ்த்துவது. விழு – வீழ்த்து. அங்கேயும் அதே விபத்துதான்: 'ஃபால்' வினையின் இறந்தகாலம் 'ஃபெல்', மரம் வெட்டும் வினையின் வேரும் 'ஃபெல்', அதன் இறந்தகாலம் 'ஃபெல்டு'. 'த ட்ரீ ஃபெல்' என்றால் மரம் தானாக விழுந்தது. 'தே ஃபெல்டு த ட்ரீ' என்றால் வெட்டிச் சாய்த்தார்கள்.

#4 கரும்பலகை

உருபு சார் சொல்வதில் ஒரு திருத்தம். வகுப்பில் இதைத் 'தன்வினை, பிறவினை' என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் 'உருட்டவைத்தான்' வரை போய்விடுவார்கள். இங்கே வேண்டியது செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்ற பிரிவுதான். 'எதை?' என்ற கேள்வி அதற்குத்தான் பொருந்தும்.

அந்தக் கேள்வி சறுக்கும் ஓர் இடத்தையும் குறிப்பில் சேருங்கள். 'த ஹென்ஸ் ஆர் லேயிங் வெல்.' செயப்படுபொருள் இல்லை, ஆனாலும் 'லேயிங்' சரி. முட்டை என்பது சொல்லாமலே விளங்குவதால் விட்டுவிட்டார்கள். நாமும் 'கோழி நல்லா இடுது' என்போமே, அதேதான். இதை 'லையிங்' என்று திருத்தினால் கோழி நன்றாகப் படுத்திருக்கிறது என்று ஆகும்.

அடுத்து, பிறவியிலேயே ஆங்கிலம் பேசுபவர்கள் பேச்சில் 'ஐ ஆம் கோயிங் டு லே டவுன்' என்று தாராளமாகச் சொல்கிறார்கள். உடற்பயிற்சிக் காணொளிகளில் 'லே ஆன் யுவர் பேக்' என்று நாள்தோறும் கேட்கலாம். மாணவர் அதைச் சுட்டிக்காட்டினால் 'அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது' என்று சொல்லாதீர்கள். பேச்சில் அது பரவிவிட்டது, எழுத்தில் இன்னும் பிழை. எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளின் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் எழுத்து வழக்குத்தான் செல்லும்.

ரைஸ் – ரெய்ஸ் இதைவிட எளிது. உயர் – உயர்த்து, எழு – எழுப்பு. ரைஸ், ரோஸ், ரிசன் தானாக உயர்வது: விலை, சூரியன், நீர்மட்டம். ரெய்ஸ், ரெய்ஸ்டு, ரெய்ஸ்டு ஒருவர் உயர்த்துவது: கை, குரல், கட்டணம், நிதி. 'பிரைசஸ் ஹேவ் ரெய்ஸ்டு' என்ற பிழைதான் கட்டுரைகளில் கொட்டிக் கிடக்கும். விலை எதை உயர்த்தியது? ஒன்றையும் இல்லை. ஆகவே 'ஹேவ் ரிசன்'. சம்பள உயர்வு என்ற பெயர்ச்சொல் மட்டும் பிரிட்டனில் 'ரைஸ்', அமெரிக்காவில் 'ரெய்ஸ்'. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

#5 வேற்றுமைஉருபு

திருத்தத்தை ஏற்கிறேன். ஒரு உபரித் தகவல்: 'ரெய்ஸ்' ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். உள்ளூர்க்காரச் சகோதரி 'ரியர்'. பிள்ளை வளர்ப்பதற்கு இரண்டுமே இன்றும் வழக்கில் இருப்பது அதனால்தான்.

#6 கேள்விக்குறி

'படுத்து' உதாரணம் குறிப்பில் ஏறிவிட்டது, நன்றி. ஆனால் தமிழ் எழுத்தில் எழுதுவதில் ஒரு வம்பு. 'ரைஸ்' என்றால் சோறா, உயர்வா? 'ரெய்ஸ்' என்றால் உயர்த்தலா, ஓட்டப் பந்தயமா?

#7 மெய்ப்புப்பார்வை

எழுத்தின் குறை அது, ஆனால் நம் காதின் குறையும் அதுவேதான். உயர்வு 'ரைஸ்' முடிவில் வருவது இசட் ஒலி, சோறு 'ரைஸ்' முடிவில் எஸ் ஒலி. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். இசட் வரும்போது கடைசி வரை அதிர்வு இருக்கும், எஸ்ஸில் அதிர்வு நின்று காற்று மட்டும் வரும். இசட் கஷ்டமாக இருந்தால் முன்னால் இருக்கும் உயிரை நீட்டுங்கள், 'ரை...ஸ்'. கேட்பவர் பெரும்பாலும் அந்த நீளத்தை வைத்தே பிரித்துவிடுவார். தொலைத்தல் என்ற 'லூஸ்' இசட், தளர்வு என்ற 'லூஸ்' எஸ். முதலாவதற்கு ஒரு 'ஓ', இரண்டாவதற்கு இரண்டு 'ஓ'. இந்தச் சோடியில் மட்டும் எழுத்து குறைந்தது வினை, கூடியது பெயரடை.

#8 கேள்விக்குறி

சரி. சே – டெல்? இங்கே 'சொல்' ஒன்றுதானே?

#9 வேற்றுமைஉருபு

வேர் ஒன்றுதான், ஆனால் பிரச்சினை வேரில் இல்லை, 'இடம்' உருபில் இருக்கிறது.

'டெல்' வினைக்குக் கேட்பவர்தான் செயப்படுபொருள், ஒட்டி உட்கார வேண்டும்: 'ஹி டோல்டு மீ'. 'சே' வினைக்குச் சொன்ன செய்தி செயப்படுபொருள், கேட்பவர் வேண்டுமென்றால் 'டு' போட்டுத் தள்ளி உட்காருவார்: 'ஹி செட் டு மீ'. தமிழில் எப்போதும் 'என்னிடம் சொன்னான்'. அந்த 'இடம்' உருபை 'டு' ஆக்கி 'ஹி டோல்டு டு மீ' என்று எழுதுகிறோம். அது பிழை என்று ஒருவர் திருத்தியதும், அடுத்த முறை 'டு'வை எடுக்கக்கூடாத இடத்தில் எடுத்து 'ஹி செட் மீ' என்கிறோம். இரண்டு பிழைக்கும் மூலம் ஒன்றுதான்.

கேட்பவரைச் சொல்லாமலே 'டெல்' வருவதும் உண்டு: பொய், உண்மை, கதை, நகைச்சுவை, மணி, வித்தியாசம். 'டெல் எ லை', 'டெல் த ட்ரூத்', 'டெல் த டைம்', 'டெல் த டிஃபரன்ஸ்'. கட்டளைக்கும் 'டெல்'தான்: 'ஹி டோல்டு மீ டு வெயிட்'. மேற்கோள் குறிக்குள் நேர்ப்பேச்சு வந்தால் பெரும்பாலும் 'செட்'.

இதே உருபுக் கணக்கு மற்ற வினைகளையும் கெடுக்கிறது. 'பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்டு அபவுட்'. ஆனால் அந்த வினைக்கு 'அபவுட்' தேவையில்லை, 'டிஸ்கஸ்டு த பிளான்' போதும். 'அவரிடம் கேட்டேன்' என்பதால் 'ஆஸ்க்டு டு ஹிம்'. அங்கேயும் 'டு' கூடாது. 'ஊரை அடைந்தோம்' என்று 'ஐ' போட்டுச் சொல்ல நமக்குத் தெரியும், ஆனால் பேச்சில் 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதால் 'ரீச்டு டு' வந்துவிடுகிறது. நேர் எதிராக 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்பிளெய்ன் மீ' ஆக்குகிறோம், அங்கே 'டு மீ' கட்டாயம். 'சஜஸ்ட் மீ எ புக்' கூட அப்படித்தான், 'சஜஸ்ட் எ புக் டு மீ' என்று மாற்ற வேண்டும்.

குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றுவது பெயர்ச்சொல். 'எ டிஸ்கஷன் அபவுட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார்', 'அன் ஆன்சர் டு' எல்லாம் சரி. பெயருக்கு வரும் வாலை வினைக்கும் ஒட்டினால் பிழை. வினையாக 'ரிக்வெஸ்ட்' வந்தால் 'ஃபார்' இல்லை, 'ஆன்சர்' வந்தால் 'டு' இல்லை.

#10 வடமராட்சியான்

ஒரு சின்ன விசயம். ஸ்பீக், டோக் இரண்டையும் இங்க சேருங்கோ. எங்கட பக்கம் 'கதை' எண்டால் டோக், அவரோட கதைச்சனான் எண்டுவம். 'பேசு' எண்டால் பெரும்பாலும் ஏசுறது. அம்மா பேசுவா எண்டால் திட்டு விழும். ஆனபடியால் 'பேசு = ஸ்பீக்' எண்டு குறிப்பில எழுதினால் எங்கட பிள்ளையளுக்கு அது 'ஸ்கோல்ட்' மாதிரி விளங்கும்.

பொதுவா, மொழியின்ர பெயர் வந்தால் ஸ்பீக்: 'ஷி ஸ்பீக்ஸ் சிங்களா'. மேடையில ஒருவர் பேச மற்றவை கேட்டால் ஸ்பீக். ரெண்டு பேர் மாறி மாறிக் கதைச்சால் டோக். தொலைபேசியில 'கேன் ஐ ஸ்பீக் டு' எண்டுறது மரியாதை கூடின வடிவம். 'ஹி டோக்ட் தட் ஹி வாஸ் சிக்' எண்டு 'தட்' போட ஏலாது, அதுக்கு 'செட்' தான் வேணும்.

#11 கரும்பலகை

சொல், படு வரை ஒத்துக்கொள்கிறேன். 'பார்' என்ன செய்யும்? 'நேற்று பார்த்தேன்' என்பதற்கு உருபு ஒன்றும் மாறுவதில்லை. சா, லுக்ட், வாட்ச்ட் மூன்றுக்கும் அதே 'பார்த்தேன்' தானே? 'கேட்டேன்' இன்னும் மோசம். ஹியர்டு, லிசன்ட், ஆஸ்க்டு மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது.

#12 வேற்றுமைஉருபு

இறந்தகாலத்தில் நீங்கள் சொல்வது சரி. நிகழ்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள், தமிழ் தானாகப் பிரியும்.

'எனக்குத் தெரியுது', 'எனக்குக் கேட்குது'. இவை சீ, ஹியர். கண்ணும் காதும் திறந்திருந்தால் நடப்பவை, முயற்சி இல்லை. அதனால்தான் தமிழ் 'நான்' என்று சொல்லாமல் 'எனக்கு' என்கிறது. ஆங்கிலத்தில் இவற்றை அந்தக் கணத்துக்குச் சொல்லும்போது ஐஎன்ஜி போடுவதில்லை, 'கேன்' போடுவார்கள்: 'ஐ கேன் சீ எ பஸ்', 'ஐ கேன் ஹியர் யூ'. 'ஐ ஆம் ஹியரிங் யூ' என்பது தொலைபேசியில் நாம் அடிக்கடி செய்யும் பிழை.

'நான் பார்க்கிறேன்', 'நான் கேட்கிறேன்'. இவை லுக், லிசன். திருப்புவது நாம். 'லுக் அட்', 'லிசன் டு' என்று வால் கட்டாயம். 'லிசன் மை வர்ட்ஸ்' பிழை.

இறந்தகாலத்தில் சந்தேகம் வந்தால் 'பார்த்தேன்' என்பதை எடுத்துவிட்டு 'கண்ணில் பட்டது' போட்டுப் பாருங்கள், 'கேட்டேன்' இடத்தில் 'காதில் விழுந்தது'. பொருந்தினால் சா, ஹியர்டு. 'உற்றுப் பார்த்தேன்', 'காதுகொடுத்துக் கேட்டேன்' பொருந்தினால் மற்றது. ஆளைச் சந்திப்பதும் சீ தான்: 'ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ'. இங்கே மட்டும் ஐஎன்ஜி சரி, ஏனென்றால் இது கண் பார்வை இல்லை, சந்திப்பு.

வாட்ச் என்பது மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை நேரம் போக்கிப் பார்ப்பது. நம் 'பார்த்துக்கொண்டிருந்தேன்' அதற்கு நெருக்கம். ஆட்டம், தொலைக்காட்சி வாட்ச். புகைப்படத்தை வாட்ச் செய்ய முடியாது, அது அசையாது, லுக் அட் தான். திரையரங்கில் படம் பார்த்தால் சீ என்பதும் வரும், வீட்டில் பார்த்தால் வாட்ச்.

#13 மெய்ப்புப்பார்வை

'கொண்டிரு' வந்துவிட்டதால் அடுத்த சோடியை நான் எடுக்கிறேன், ஏனென்றால் தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். புட் – கீப்.

'மேசையில் வை' என்பதை 'கீப் இட் ஆன் த டேபிள்' என்று எழுதுகிறோம். இந்தியாவுக்குள் புரியும். வெளியே இருப்பவர் அதை 'எப்போதும் மேசையிலேயே இருக்கட்டும்' என்று எடுத்துக்கொள்வார். புட் என்பது கை செய்யும் ஒரு கணச் செயல். கீப் என்பது அந்த நிலை தொடர்வது. தமிழில் 'வைத்தேன்' புட், 'வைத்திருக்கிறேன், வைத்துக்கொள்' கீப். துணைவினையைப் பார்த்தால் போதும்: வெறும் 'வை' என்றால் புட், 'இரு' அல்லது 'கொள்' ஒட்டியிருந்தால் கீப். 'சில்லறையை நீங்களே வெச்சுக்கோங்க' என்பது 'கீப் த சேஞ்ச்'. 'சாவியை இங்கே வெச்சேன்' என்பது 'ஐ புட் த கீஸ் ஹியர்', ஒருபோதும் 'கெப்ட்' இல்லை.

உடைக்கும் இதே கணக்கு. சட்டையை எடுத்து மாட்டும் செயல் 'புட் ஆன்', மாட்டியிருக்கும் நிலை 'வேர்'. 'போட்டுக்கொண்டு வா' என்றால் 'புட் ஆன்', 'போட்டிருக்கிறான்' என்றால் 'இஸ் வேரிங்'. இங்கே 'கொள்' செயல் பக்கம் போய்விட்டது, கவனியுங்கள். ஆகவே போடு வினைக்கு 'இரு' மட்டும்தான் நம்பகமான அடையாளம்.

#14 கேள்விக்குறி

கம் – கோ, பிரிங் – டேக்?

#15 வேற்றுமைஉருபு

இது தமிழருக்குப் பரிசாகக் கிடைத்த சோடி. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறது. பேசுபவர் அல்லது கேட்பவர் இருக்கும் இடத்தை நோக்கினால் வா, தா. மூன்றாம் இடம் என்றால் செல், கொடு. ஆங்கிலத்தில் கம், பிரிங் ஒரு பக்கம், கோ, டேக் மறு பக்கம். கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் ஓடுகிறது. இன்றைய தமிழில் 'எனக்குக் கொடு' வந்து பாதிக் கோட்டை அழித்துவிட்டது, ஆனால் 'வா' உயிரோடு இருக்கிறது. தொலைபேசியில் 'நான் உங்க வீட்டுக்கு வர்றேன்' என்று சரியாகத்தான் சொல்கிறோம். 'ஐ ஆம் கமிங் டு யுவர் ஹவுஸ்', கையில் பழம் இருந்தால் 'ஐ வில் பிரிங் சம் ஃப்ரூட்'.

தவறு வருவது கூட்டுவினையில்தான். 'எடுத்துட்டு வா' என்பதைப் பிரித்து 'டேக் அண்ட் கம்' என்கிறோம். ஆங்கிலத்துக்கு 'பிரிங்' ஒரே சொல் போதும். போய் எடுத்து வர வேண்டும் என்றால் 'ஃபெட்ச்' அல்லது 'கோ அண்ட் கெட்'. 'போயிட்டு வர்றேன்' என்பதை 'ஐ வில் கோ அண்ட் கம்' ஆக்காதீர்கள். கிளம்பும்போது சொல்வதற்கு அங்கே 'சீ யூ' போதும், கொஞ்ச நேரத்தில் திரும்புவீர்கள் என்றால் 'ஐ வில் பி பேக்'.

#16 கரும்பலகை

எல்லாவற்றையும் தமிழே பிரித்துக் கொடுத்துவிடும் என்று குறிப்பு முடியக்கூடாது. மேக் – டூ சோடிக்கு அந்த வித்தை பலிக்காது. 'விளைந்த பொருள் இருந்தால் மேக், வேலை மட்டும் என்றால் டூ' என்று சொல்லிக் கொடுப்பார்கள். கேக், நாற்காலி, பணம் வரை ஓடும். 'மேக் அன் எஃபர்ட்' என்றும் 'டூ யுவர் பெஸ்ட்' என்றும் ஏன் பிரிகிறது? படுக்கையைச் சரிசெய்தால் 'மேக் த பெட்', பாத்திரம் கழுவினால் 'டூ த டிஷஸ்'. இதற்கெல்லாம் காரணம் தேடி வகுப்பு நேரத்தைக் கரைக்காமல் சொற்சேர்க்கையாக ஏற்றிக்கொள்ள வேண்டும். மேக் பக்கம்: மிஸ்டேக், டிசிஷன், ப்ராக்ரஸ், ப்ராமிஸ், நாய்ஸ், ஃபோன் கால். டூ பக்கம்: ஹோம்வொர்க், எக்சர்சைஸ், பிசினஸ், ஃபேவர், டேமேஜ். 'தப்புப் பண்ணிட்டேன்' என்பதால் வரும் 'டிட் எ மிஸ்டேக்' தான் முதலில் களைய வேண்டியது.

'முடிவு எடு' என்பதால் வரும் 'டேக் எ டிசிஷன்' பிழை இல்லை, பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. அமெரிக்கர்கள் 'மேக்' என்பார்கள். பரீட்சை விஷயத்தில் தமிழர் 'ரைட் அன் எக்ஸாம்', இந்தி பேசுபவர்கள் 'கிவ் அன் எக்ஸாம்' என்கிறோம். பொது ஆங்கிலத்தில் மாணவர் செய்வது 'டேக்', பிரிட்டனில் 'சிட்' கூட. 'கிவ்' செய்வது ஆசிரியர்.

#17 மெய்ப்புப்பார்வை

ஏற்கிறேன். ஆனால் ரிமெம்பர் – ரிமைண்ட் சோடியில் நம் 'படுத்து' மறுபடி வந்து காப்பாற்றும். 'எனக்கு ஞாபகம் இருக்கு' ரிமெம்பர், 'ஞாபகப்படுத்து' ரிமைண்ட். 'ரிமெம்பர் மீ டு கால் ஹிம்' என்று கேட்டால் பிழை, 'ரிமைண்ட் மீ'. கூடவே ஒன்று: 'ரிமெம்பர் டு லாக்' என்றால் பூட்ட மறக்காதே, 'ரிமெம்பர் லாக்கிங்' என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. செய்ய வேண்டியதற்கு 'டு', செய்து முடித்ததற்கு ஐஎன்ஜி.

இன்னொரு பக்கம் எச்சரிக்கை. 'எதை?' என்ற சோதனையை நன்றாகப் பழகியவர்கள் 'எதையும் இல்லை' என்று பதில் வந்தால் செயப்பாட்டு வினைக்குத் தாவுகிறார்கள். 'அன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்', 'எ ப்ராப்ளம் வாஸ் அரைசன்'. இரண்டும் பிழை. ஹேப்பன், அக்கர், அப்பியர், அரைஸ் இவற்றுக்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது. 'நடந்தது' என்றுதான் சொல்கிறோம், 'நடக்கப்பட்டது' என்று சொல்வோமா? 'ஹேப்பண்ட்' அவ்வளவுதான்.

கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான் என்று தமிழ் ஒற்றை மாற்றிக் காட்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'புரோக்': 'த கிளாஸ் புரோக்', 'ஹி புரோக் த கிளாஸ்'. முதலாவது அரைகுறையாகத் தோன்றுவதால் 'வாஸ்' சேர்க்கிறோம். 'வாஸ் புரோக்கன்' என்றால் உடைத்தவர் ஒருவர் பின்னணியில் நிற்பது போலவோ ஏற்கெனவே உடைந்து கிடந்தது போலவோ ஆகும். கைதவறி விழுந்து உடைந்ததற்கு 'புரோக்' போதும்.

#18 கேள்விக்குறி

பட்டியல் திட்டத்தைப் பாதி கைவிட்டேன். மேக் – டூ மட்டும் பட்டியலாகப் போகிறது, மற்றவை உருபும் துணைவினையும் பார்த்து. பயிற்சிக்கு ஐந்து வாக்கியம், சரிபார்த்துத் தாருங்கள்.

1. த கீஸ் ஆர் லேயிங் ஆன் த டேபிள்.
2. ஷி லெய்டு த பேபி டவுன் அண்ட் லே டவுன் பிசைட் ஹிம்.
3. த வாட்டர் லெவல் ரோஸ் ஓவர்நைட்.
4. ஹி டோல்டு தட் த பஸ் வாஸ் லேட்.
5. த லெட்டர் ஹேஸ் லெய்டு ஹியர் சின்ஸ் மண்டே.

#19 மெய்ப்புப்பார்வை

1 பிழை. சாவி எதையும் வைக்கவில்லை, கிடக்கிறது, 'லையிங்'. 2 சரி, பயிற்சியில் இதையே முதலில் போடுங்கள், இரண்டு வினையும் ஒரே வரியில் நிற்கிறது. 3 சரி. 4 பிழை, 'டோல்டு அஸ் தட்' அல்லது 'செட் தட்'. 5 பிழை, இலக்கணப்படி 'ஹேஸ் லெய்ன்'. ஆனால் 'லெய்ன்' பேச்சில் அரிது, 'ஹேஸ் பீன் லையிங் ஹியர்' என்று மாற்றிவிட்டால் இயல்பாக இருக்கும்.

#20 வடமராட்சியான்

இரண்டாவதில 'டவுன்' ரெண்டு தரம் வந்தாலும் ரெண்டையும் வெட்டிப் போடாதேங்கோ. 'லே டவுன்' எண்டதில 'டவுன்' இல்லாட்டி ஏற்கெனவே படுத்திருந்தா எண்டு ஆகும். பிள்ளையைக் கிடத்தின பிறகு தானும் படுத்தா எண்டுறதுக்கு அந்த 'டவுன்' வேணும்.

#21 கேள்விக்குறி

விட்டுவைத்தேன். 1, 4, 5 திருத்தியாயிற்று.